திரும்பாத சிவப்பு

அழுத்தி விட்ட நகத்தில் சிவப்பு திரும்பவில்லை.

நேற்றிலிருந்து வாந்தியும் பேதியுமாகத் துவண்டு, ஆம்புலன்ஸில் படுத்துக் கிடந்த தையல்காரரின் விரலை மூத்த நர்ஸ் மறுபடி அழுத்தி விட்டாள். ரத்தம் நன்றாக ஓடினால் கண் மூடித் திறப்பதற்குள் நிறம் வந்துவிடும். வரவில்லை. கூரையில் மழை இடைவிடாமல் தட்ட, நனைந்த செருப்பும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை மூடிய வண்டிக்குள் மெல்லக் கனத்துக்கொண்டிருந்தது.

"பிரஷர் நார்மல்தான்க்கா" என்றாள் எதிரே இருந்த இளைய நர்ஸ், மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல். ஊரெல்லாம் அவளைக் கெட்டிக்காரி என்றது. போன வாரம்தான் டீம் லீடர் ஆக்கியிருந்தார்கள். ஓடாய்த் தேய்ந்தவளுக்குக் கைதட்டல், நேற்று வந்தவளுக்கு நாற்காலி! நினைத்தாலே வயிறு பற்றி எரிந்தது.

மானிட்டர் ஏமாற்றும் என்று இவளுக்குத் தெரியும். நீர் வற்றினால் கைகாலைப் பட்டினி போட்டு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றும் உடம்பு. அதுவரை பிரஷர் ஒழுங்காகவே காட்டும். அப்புறம் ஒரேயடியாகச் சரியும். இப்போதே சலைன் ஏற்றினால் மனிதர் பிழைப்பார். அட, சொல்லித் தொலைத்தால்தான் என்ன? மாட்டாள். டாக்டர் முன்னால் கெட்டிக்காரி அசடு வழியட்டும்.

"கை இப்படிச் சில்லுனு இருக்கேம்மா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவி கேட்டாள்.

"மழைக் குளிர்மா. இல்லக்கா?" என்றாள் கெட்டிக்காரி.

இரண்டு பேரும் இவளைப் பார்த்தார்கள்.

"ஆமா. குளிர்தான்."

தையல்காரர் கண் திறந்தார். இவளை மட்டும் பார்த்தார். அவருடைய கை ஊர்ந்து வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஐஸ். உருவப் பார்த்தாள். முடியவில்லை.

பிடித்த இடத்திலிருந்து ஊதா நிறத்தில் ஒரு வலை படர்ந்தது. இவள் தோலில். முழங்கை வரை. தோள் வரை. அவர் விரல்கள் கதகதப்பாயின. நகங்கள் சிவந்தன.

"பாருங்கம்மா, முகத்துல களை வந்துடுச்சு!" என்றாள் மனைவி.

"நான்தான் சொன்னேனே" என்று கெட்டிக்காரி சிரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சலைன். எனக்கு. வாய் அசைந்தது. சத்தம் இல்லை. வலை கழுத்தைத் தாண்டியது. உதட்டைத் தொட்டது.

"நீயும் நடுங்குறியேம்மா" என்று மனைவி போர்வையை இழுத்து, பிடித்த கையையும் பிடிபட்ட கையையும் சேர்த்துப் பத்திரமாக மூடிவிட்டாள்.