எதிர் நாற்காலியில் ஆள் இல்லை

"ஆள் இல்லை" என்றது கோகிலவாணியின் காதிலிருந்த மெய்ச்செவி. எதிர் நாற்காலியில் திருமூர்த்தி காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். ஐந்து சனிக்கிழமைகளாக அந்தக் காபிக் கடையில் இதே கூத்து.

இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவதும் பேசுவதும் அவளுடைய நோய். எல்லோர் காதுக்குப் பின்னாலும் பதித்திருக்கும் அடையாள ஒலியைக் கேட்டு, எதிரில் இருப்பது நிஜ ஆளா பொய்யாளா என்று மெய்ச்செவி சொல்லிவிடும். ஒரே ஒரு வம்பு, அந்த ஒலி ஆளின் நோயையும் சேர்த்தே சொல்லும். பிடிக்காதவர்கள் அதை அணைத்து வைக்கலாம். கோகிலவாணி அணைத்துத்தான் வைத்திருந்தாள். அவனும் அணைத்திருக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒளிக்கிறவர்களுக்குத் தாங்கள் மட்டும்தான் ஒளிக்கிறோம் என்று நினைப்பு.

பக்கத்து மேசையில் விசாரிக்கலாம். விசாரித்தால் நோய் ஊருக்கே தெரிந்துவிடும். காபி இரண்டு வந்தது. இரண்டு கேட்டதும் அவள்தான். இரண்டும் காலியாகும், இரண்டையும் தானே குடிக்கிறோமோ என்று குழம்பினாள். மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையில் அவன் கரைந்துபோவான். அவனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?" என்றான் திருமூர்த்தி.

"ஒண்ணு சொல்லணுங்க. நீங்க இல்லைன்னு என் மெய்ச்செவி சொல்லுது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்குமா? எனக்கும் நீங்க இல்லைன்னுதான் சொல்லுது. நான் என் ஒலியை அணைச்சு வெச்சிருக்கேனுங்க." காதுக்குப் பின்னால் அழுத்தினான்.

"ஆள் உண்டு. மனச்சிதைவு, ஒன்பது ஆண்டுகள்" என்றது மெய்ச்செவி.

அவளுக்கும் அதே நோய்தான். ஆனாலும் அவள் நாற்காலி அரையடி பின்னால் நகர்ந்திருந்தது. ஏன் நகர்த்தினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"நீங்களும் போடுங்க" என்றான். அவள் போடவில்லை.

"பொய்யாள்னா கண்ண மூடிப் பத்து எண்ணச் சொல்லியிருக்காரு டாக்டரு, மறைஞ்சிருமாமுங்க. எண்ணட்டுங்களா?"

எண்ணத் தொடங்கினான். மூன்றுவரை அவள் விரல் காதருகே இருந்தது. ஐந்தில், ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே நாளில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அவன் பத்து எண்ணி முடித்தபோது அவள் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அடையாள ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள். அவன் வரவில்லை.

அவன் அப்போது மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தான். "அஞ்சு வாரமா ஒரு பொண்ணு வந்தாங்க. பத்து எண்ணினேன், போயிட்டாங்க" என்றான். மருத்துவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடுதல் மாத்திரை இல்லாமல் ஒரு பொய்யாளை அவன் அனுப்பியது இதுதான் முதல் தடவை.