அக்குளில் ஒரு மோட்டார்

சுண்டுவுக்கு வயிற்றெரிச்சல். அதுவும் ஒரு மோட்டார் மேல்.

அவள் அம்மா ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மெக்கானிக். மோட்டார் அறையில் பெரிய மோட்டார் ஓடும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், அம்மாவின் கணினித் திரையில் அதே மோட்டார் இன்னொன்று ஓடும். நிஜ மோட்டாரின் உடம்பில் பொத்தான் அளவு சென்சார்கள் காந்தத்தால் ஒட்டியிருக்கும். அங்கே சூடேறினால் இங்கே சிவக்கும். அங்கே நடுங்கினால் இங்கேயும் நடுங்கும். வேகத்தைக் கூட்டுவதென்றால்கூட முதலில் திரையில் கூட்டிப் பார்ப்பார்கள். கெட்டாலும் படம்தானே.

திரையில் இருப்பவனை அம்மா 'ரெட்டைப்புள்ள' என்பாள். பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணில் படாது.

அன்று பள்ளிக்கூடம் இல்லை.

"அம்மா, நான் வரைஞ்சதப் பாரேன்."

"இரு கண்ணு. இவனுக்கு இப்பதான் புது கிரீஸ் வச்சிருக்கேன். ஒத்துக்குதான்னு பாக்கணும்."

"எனக்குச் சாப்பாடு ஒத்துக்கிச்சான்னு கேட்டியா?"

"ரெண்டு தட்டு காலி பண்ணினவளுக்கு என்ன கேள்வி." அம்மா திரும்பவே இல்லை.

சுண்டு பொருமிக்கொண்டே மோட்டார் அறைக்குள் போனாள். மோட்டாரின் ஒரு முனையில் சென்சார் ஒட்டியிருந்தது. இதைத்தானே அம்மா நாள் முழுக்கப் பார்க்கிறாள்? பிடுங்கினாள். சுட்டது. ஊதி ஆற்றி, சட்டைக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இப்போது என்னைப் பார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வழியே அம்மாவின் முகம் மலர்வது தெரிந்தது. சுண்டு ஓடி வந்தாள்.

"அறுபதுல இருந்தவன் முப்பத்தேழுக்கு எறங்கிட்டான். கிரீஸ் நல்லா வேலை செய்யுது. என் தங்கம்டா நீ" என்று அம்மா திரையைத் தட்டிக்கொடுத்தாள்.

தங்கமாம். சூடு சுண்டுவுடையது, கொஞ்சல் அவனுக்கு.

அழுகையை அடக்கிக்கொண்டு மறுபடி மோட்டார் அறைக்குப் போனாள். கருகிய வாடை அடித்தது. கையை அருகே கொண்டுபோனாள். தொடும் முன்பே அனல்.

எரியட்டும். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தாள். இவன் போனால் திரையில் இருப்பவனும் தொலைவான். பிறகு ஊரில் இருக்கும் குழாய்களெல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லோரும் அம்மாவைத்தானே வந்து கேட்பார்கள்? திரும்பி ஓடி வந்தாள்.

"அம்மா, அந்த முப்பத்தேழு நான்தான்."

"என்ன ஒளர்றே?"

சுண்டு கையைத் தூக்கினாள். சென்சார் தரையில் விழுந்து உருண்டது.

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மோட்டாரை நிறுத்தி, பக்கத்தில் சும்மா நின்ற மாற்று மோட்டாரை ஓடவிட்டாள். கைக்கருவியால் அளந்தாள். தொண்ணூற்றாறு.

"கிரீஸ் ஜாஸ்தியாப் போச்சு" என்று முணுமுணுத்தாள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மோட்டாரே போயிருக்கும்."

"அடிப்பியா?"

"ஒரு மாசத்துக்கு நீ இந்தக் கதவத் தாண்டக் கூடாது. ஏன்டி இப்படிப் பண்ணே?"

"நீ அவனையே பாக்குறே."

அம்மா புறங்கையைச் சுண்டுவின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினாள். சுண்டு எட்டிப் பார்த்தாள்.

'பதினோரு நிமிடம் திரையில் தவறான வெப்பம். காரணம்: சென்சார் மகளின் அக்குளில் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் இல்லை.'

சுண்டு அதை மூன்று முறை படித்தாள். எட்டு வருடப் பதிவேட்டில், மோட்டாரைப் பற்றி இல்லாத ஒரே வரி அந்தக் கடைசி வரிதான்.