மஞ்சள் பின்னைக் கழற்றிய பிறகும்

மஞ்சள் வயரை இரண்டு பக்கமும் கழற்றித் தரையில் போட்ட பிறகும் டிவியில் படம் எப்படித் தெரிகிறது என்று விஜயராகவனுக்குப் புரியவில்லை. பதினோரு வருடமாக நகரியில் டிவி பழுது பார்க்கிறான். புரியாதது என்று ஒன்றை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

குவைத்திலிருந்து வரதராஜன் அனுப்பிய வீடியோ கேம் பெட்டி அது. வரதராஜனின் அம்மா கமலம்மா காலையிலேயே விஜயராகவனின் கடைக்கு வந்து நின்றாள்.

"ஆட்டம் ஒண்ணும் வர்லப்பா. யாரோ ஒரு ஆளு குந்திக்கினு கீறான். கொயந்த அதையே பாத்துக்கினு பால்கூட குடிக்க மாட்டேங்குது. பின்னைப் புடுங்கினேன், அப்பவும் போவல."

அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு. ஆயிரம் இழையைத் தடவியே முடிச்சுப் போடுகிற நெசவுக்காரக் கூட்டத்துக்கு மூன்று நிறம் பார்த்துச் செருகத் தெரியவில்லை. பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினான்.

"மஞ்சள் படம். வெள்ளையும் செவப்பும் சத்தம். பெட்டில கீற துளை அனுப்பும், டிவில கீற துளை வாங்கிக்கும். பெட்டித் துளை எதையும் உள்ள வாங்காது, வெளிய அனுப்ப மட்டும்தான். புரியுதா? புரியாது."

கூடத்துத் தொட்டிலில் கமலம்மாவின் பேத்தி யமுனா கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிற அறை ஒன்று. அதன் கோடியில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மஞ்சள் வயரைக் கழற்றியும் அது போகாததால், பக்கத்து வீட்டுப் படம் ஆன்டெனாவில் கசிகிறது என்று சொல்லி விஜயராகவன் அந்த வயரையும் பிடுங்கினான். படம் அப்படியே இருந்தது. தெரு முழுக்க விசைத்தறி. அந்த மோட்டார்களின் தீப்பொறியால் ஆன்டெனாவில் வரும் எந்தப் படத்திலும் வெள்ளைப் புள்ளி பறக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருத் தறிகள் அத்தனையும் ஒன்றாக நின்றன. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. நூல் கஞ்சியின் புளித்த வாடை கூடத்தில் வந்து தங்கியது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

படம் அணையவில்லை.

அதிலிருந்தவன் எழுந்தான். திரும்பினான். கிட்டே வந்தான். முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் ஈரம். அது விஜயராகவன் பக்கம் திரும்பவில்லை. தொட்டில் பக்கம் திரும்பியது.

பிறகு அறை காலி.

பெட்டிக்குள் ஏதோ சுரண்டியது. மஞ்சள் துளைக்குப் பின்னால். வெளியே அனுப்பும் துளை.

விஜயராகவன் மஞ்சள் பின்னை எடுத்து அதில் செருகினான். உள்ளிருந்து தள்ளியது. மறுபடி செருகினான். தள்ளியது. விளிம்பில் ஈரம் வழிந்தது. யோசிக்காமல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

திரை இருண்டது. குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது.

கமலம்மா அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒயரு, ஆன்டெனான்னு என்னா பேச்சு பேசின. வெரலு வெச்சா சரியா பூட்ச்சி பாரு. நீ புடிச்சிக்கினு இரு நைனா." வெளியே போய்க் கதவைத் தாழிட்டாள்.

விரலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். திரை வெளுத்தது. அழுத்தினான்.

விரலை அது தள்ளவில்லை. மெல்லச் சப்பிக்கொண்டிருந்தது.

உயிருள்ள விரல் ஒன்று துளையை அடைத்திருக்கும்வரை படம் வராது. அவ்வளவுதான் வேலை.