இரண்டு சிறகுத் தேனீ

விடிந்ததும் செவ்வாய்க் கிரகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் வெண்ணிலாவும் செய்தாள். ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினாள். குவிமாடத்துத் தோட்டங்களில் மகரந்தம் சுமக்கும் பொறித்தேனீக்களுக்கு மனித உடம்பின் சூடுதான் மின்சாரம். வீட்டுக்கு ஒரு தேனீ. தினமும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உட்காரவைத்து அனுப்ப வேண்டும். குப்பை வண்டிக்குக் காத்திருப்பதைப் போல அலுப்பான வேலை.

அன்று இரண்டு வந்து உட்கார்ந்தன. ஒன்று வழக்கம்போல் அசையாமல் சூடேற்றிக்கொண்டது. மற்றது அவள் கை வியர்வையை நக்கியது, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. அதே மஞ்சள், அதே கறுப்புப் பட்டை. ஆனால் முகம் முழுக்கக் கண். சிறகு நான்குக்குப் பதில் இரண்டு. நூலகத் திரையில் தேடினாள். அது தேனீயே அல்ல, பூ ஈ. பறவைகளை ஏமாற்றத் தேனீ வேஷம் போடும் பூச்சி. பூமியிலிருந்து வந்த ஏதோ செடியோடு கூட்டுப்புழுவாக வந்திருக்க வேண்டும்.

அனுமதியில்லாத உயிர் எது கண்ணில் பட்டாலும் உயிர்த்தடைத் துறை புகை போட்டுக் கொன்றுவிடும். அதனால் கணவன் இளம்பரிதியிடம் மட்டும் காட்டினாள்.

"ஏங்க, யாருக்கும் தெரியக் கூடாது. இந்த ஊருக்கு வந்ததுலருந்து எங்கிட்ட தானா வந்த ஒரே உயிர் இதுதான்."

"உன் தலைமேல சத்தியம் நிலா. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

மத்தியானமே முகமூடி போட்ட மூன்று பேர் குழாயோடு வந்தார்கள். வெண்ணிலா ஜன்னலை மறித்து நின்று பார்த்தாள்.

"தள்ளிக்குங்கம்மா," என்றார் மூத்தவர். "உங்க நாத்தனார் வீட்டுக்காரர் எங்க ஆபீஸ்தான். குடும்பக் குழுவுல படம் பார்த்தேன்னார்."

புகை அடங்கியதும் ஈயை இடுக்கியால் எடுத்துப் போனார்கள்.

"குழுவுல போட்டீங்களா?" என்று இளம்பரிதியிடம் கேட்டாள்.

"நம்ம சொந்தக்காரங்கதானே? யாருக்கும் அனுப்பாதீங்கன்னு கீழ எழுதித்தான் போட்டேன்."

தப்பு செய்தோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அடுத்தவன் காட்டிக்கொடுத்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

'அது செத்துவிட்டது' என்று குழுவில் எழுதினாள். கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. நாத்தனார் ஒரு பூங்கொத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை, பெரியப்பா வழக்கமான வணக்கப் படத்தைப் போட்டார். சிவப்புப் பூ, அதன்மேல் ஒரு பூச்சி, அடியில் 'தேனீயைப் போல் உழைப்போம்'. வருஷக்கணக்காக அதே படம்தான். வெண்ணிலா முதன்முறையாக அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

முகம் முழுக்கக் கண். இரண்டே சிறகுகள்.

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. முதல் விரல் இளம்பரிதியுடையது.