சத்தம் போடாத பவர் சப்ளை

சுழலக் கூடாத விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

கமாலுதீன் முதல் நாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கெலுகோரில் பதினோராவது மாடி வீடு; கீழே சிக்னலில் உறுமும் மோட்டார் சைக்கிள்கள், மேல் வீட்டில் நேரங்கெட்ட நேரத்தில் நாற்காலி இழுப்பவர்கள், எதிர் வீட்டுச் சமையலறையில் சம்பல் இடிப்பவர்கள் என்று சத்தத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம். மாலை மஃரிப் தொழுதுவிட்டு ஹாலில் உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, டிவிக்குக் கீழே மூலையில் உஸ்ஸென்று ஒரு காற்று கிளம்பி, மெல்ல மெல்லத் தடித்து, சுவரில் ஏறி, ஹால் முழுக்கப் பரவி நின்றது. நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு தானாக நின்றுவிட்டது.

அந்த மூலையில் இருந்தது அவர் தன் கையாலேயே பூட்டிச் சேர்த்த வீட்டு சர்வர். அரிசிப் பானை உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். முப்பது வருஷம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் செய்துகொண்ட விளையாட்டு. கல்யாணப் படங்கள், மகள் நஸீஹா பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள், படுக்கையறைக் கேமரா பதிந்தவை, எல்லாம் அதற்குள்தான். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை மூன்று வாரத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தார். பழையது லாரி மாதிரி இரையும். புதியது சாதுவான ரகம். வேலை குறைவாக இருக்கும்வரை அதன் விசிறி அசையாது. யாராவது சர்வரிலிருந்து வீடியோ போட்டுப் பார்த்து, பெட்டி மூச்சுமுட்ட உழைத்தால் மட்டுமே ஓடும். வீட்டில் இருந்ததோ அவர் ஒருவர்தான்.

இரண்டாம் நாளும் அதே ஏழு நாற்பதுக்கு ஓடியது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் மடிக்கணினியைத் திறந்து, சர்வர் என்னதான் செய்கிறது என்று பார்த்தார்.

யாரோ ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கும் கருவியின் பெயர் 'சபூரா டேப்லெட்' என்று இருந்தது.

சபூரா அவர் மனைவி. இறந்து இரண்டு வருஷமாகிறது.

அலமாரியைத் திறந்தார். அவள் தலைத்துணிகளுக்கு அடியில் டேப்லெட் அப்படியே கிடந்தது, உறை முழுக்கத் தூசி. பொத்தானை அழுத்திப் பிடித்தார். இரண்டு வருஷம் சார்ஜ் காணாத கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. வெளியே ஹாலில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, ஓடுகிற வீடியோ எது என்று பார்த்தார். பார்க்காமலே தெரிந்திருந்தது. அவள் படுக்கையில் விழுந்தபின் பொருத்திய படுக்கையறைக் கேமரா, அவள் இறந்த நாள், மாலை ஏழு நாற்பது முதல்.

அந்தப் பதிவை அவர் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அழிக்கவும் இல்லை. பலமுறை விரல் அழிக்கும் பொத்தான்வரை போய்த் திரும்பியிருக்கிறது. அவளுடைய கடைசிக் குரல் அதில்தான் இருந்தது. தன் கையால் அதை அழிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து நஸீஹா கூப்பிட்டாள்.

"அத்தா, சனிக்கிழம காலையிலயே பஸ் ஏறிடுவேன். அம்மாவோட வீடியோ எல்லாத்தையும் காப்பி பண்ணி எடுத்துட்டுப் போறேன். ரூம் கேமராவுல பதிஞ்சதும் வேணும்."

"அது எதுக்கும்மா? படுக்கையில கெடந்ததையா பார்க்கப் போற?"

"அம்மா குரல் இருக்கும்ல அத்தா." அவள் குரல் தணிந்தது. "நீங்க இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க. அந்த மெஷின் சத்தத்துல அம்மா கூப்பிட்டது கேக்கல. நீங்க என்ன செய்வீங்க?"

எல்லாருக்கும் அவர் சொன்னது அதுதான். மய்யித் அடக்கத்துக்கு வந்தவர்களிடம், டாக்டரிடம், மகளிடம். அந்தப் பாழாய்ப்போன விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் நம்பினார்கள். மகள் இத்தனை அன்பாக நம்பியதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சனிக்கிழமை அந்தப் பதிவை அவள் கேட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். அவருக்கு இருந்த ஒரே உறவும் அதோடு போய்விடும்.

அன்று மாலையும் ஏழு நாற்பதுக்கு விசிறி கிளம்பியது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜார்ஜ் டவுனில் சுகுமாரனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். காய்ச்சலுக்கு மருந்து வாங்காமல் தெர்மாமீட்டரை மாற்றப் போகிறவரின் புத்திதான் அது என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் போனார்.

"என்ன அண்ணே, போன மாசம்தானே மாத்துனீங்க?" என்றான் சுகுமாரன். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். "அதுலயுமா சத்தம்?"

"சாயங்காலமானா விசிறி ஓடுது தம்பி. விசிறியே இல்லாதது ஒன்னு கொடு."

"இருக்கு லா. சுத்திலும் அலுமினியத் தகடு, சூடு தன்னால வெளிய போயிரும். ஆனா ஒன்னு சொல்றேன், அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது. பெரிய சத்தம் நின்னா சின்ன சத்தமெல்லாம் கேக்க ஆரம்பிச்சிரும். டிஸ்க் கரகரங்கும். உள்ள இருக்கற கம்பிச் சுருள் சன்னமா விசிலடிக்கும். இத்தன நாளா வீட்டுல இதெல்லாம் இருந்துச்சான்னு இருக்கும் உங்களுக்கு."

"கேக்கட்டும்."

சுகுமாரன் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த கேபிள் கட்டை எடுத்துக் காட்டினான். "இத மட்டும் மறந்துராதீங்க அண்ணே. இதுல வர்ற கேபிளத்தான் போடணும். பழசும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அப்படியே மாட்டும். ஆனா உள்ள ஒயர் வரிச வேற. போன வாரம்கூட ஒருத்தரு சோம்பேறித்தனப்பட்டு பழசையே மாட்டிட்டாரு. நாலு டிஸ்கும் ஒரே நொடியில செத்துப் போச்சு."

"உள்ள இருந்தது?"

"எல்லாம் போச்சு. பாவம், தெரியாம செஞ்சிட்டாரு."

கமாலுதீன் தலையாட்டினார். கெலுகோர் போகும் பஸ்ஸில், மடியில் பெட்டியோடு, வீடு வரும்வரை அந்தக் கடைசி வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, சர்வரைச் சாய்த்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார். வேலை தெரிந்த கை. புதிய பவர் சப்ளை கனமாக, வழவழப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. அதன் கேபிள் கட்டு பிளாஸ்டிக் உறையோடு பக்கத்திலேயே கிடந்தது. பழைய கேபிள் டிஸ்குகளில் மாட்டியபடியே தொங்கியது. அவர் இரண்டையும் பார்த்தார். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தெரியாம பழைய கேபிள மாட்டிட்டேம்மா."

குரல் நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் வருத்தம் சேர்த்து மறுபடி சொன்னார். பிறகு பழைய கேபிளைப் புதிய பெட்டியில் மாட்டினார். சுகுமாரன் சொன்னதுபோல அது அச்சாகப் பொருந்தியது. சுவிட்சைத் தட்டினார்.

டப்பென்று ஒரு சின்ன வெடிப்பு. ரப்பர் கருகும் நாற்றம். அவ்வளவுதான். கல்யாணம், குழந்தை, முப்பத்தோரு வருஷம், எல்லாம் போயின. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பாங்கு கேட்டது. அவர் தொழ எழவில்லை.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. வீடு இத்தனை அமைதியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. சுகுமாரன் சொன்னது சரிதான். பெரிய சத்தம் நின்றதும் சின்னவை வரிசையாக வந்தன. குளிர்ப்பெட்டியின் முனகல். குளியலறைக் குழாயில் சொட்டும் நீர். சுவர்க்கடிகாரம். பல்லி. அதற்கும் அடியில், துணியில் துணி உரசுவதுபோல, மூடியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ ஒருக்களித்துப் படுக்க முயல்கிற சத்தம்.

மணி ஏழு நாற்பது.

"என்னங்க…"

சர்வர் செத்துக் கிடந்தது. அவர் பிடுங்கிப் போட்ட பிளக் தரையில் கிடந்தது.

"என்னங்க…"

பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயிலிருந்து வரும் குழறல். பதினான்கு மாதம் அவர் இரவும் பகலும் கேட்ட குரல். தண்ணீர் வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், கால் மரத்துவிட்டது, பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஹாலில் உட்கார்ந்து, எந்த பவர் சப்ளை சத்தம் போடாது என்று இணையத்தில் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது எரிச்சலோடு எழுந்துபோய், அறைக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அதுதான் நடந்தது. யாருக்கும் தெரியாது.

"என்னங்க…"

இந்த முறை போய்விட வேண்டும். போய்விட்டால் போதும், இது நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. எழுந்தார். கைப்பிடி சில்லென்று இருந்தது. திறந்தார்.

அவள் காலில் தேய்த்துவிடும் காயு பூத்தே எண்ணெயின் வாசம். பவுடர். அதற்கடியில் புண்ணின் வாடை. கட்டிலை அவர் எப்போதோ கழற்றித் தானம் கொடுத்திருந்தார். இப்போது அது பழைய இடத்தில் கிடந்தது. அதன்மேல் சபூரா.

"வந்துட்டேன் சபூரா," என்றார். "வந்துட்டேன்மா. இங்கதான் இருக்கேன்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டி, வாசலையே பார்த்தாள்.

"என்னங்க…"

அவர் திரும்பினார்.

கதவு நான்கு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது. அவர் விளக்கு போடவில்லை. நாற்காலியில் ஓர் ஆள், முதுகைக் காட்டியபடி. மடியில் கம்ப்யூட்டர். காலடியில் பெட்டி, லாரி மாதிரி இரைந்துகொண்டு.

"டேய்!" என்று கத்தினார் கமாலுதீன். "எழுந்திரு! எழுந்து வா!"

அந்த ஆள் பெருமூச்சு விட்டான். கம்ப்யூட்டரை ஓரமாக வைத்தான். எழுந்தான். வந்தான்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கமாலுதீனுக்கு நம்பிக்கை வந்தது.

அதே முகம். இரண்டு வயது இளையது. கொடூரம் ஒன்றும் இல்லை அதில். சோர்வுதான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டபடி கையை நீட்டினான். கதவைச் சாத்தினான்.

இருட்டு.

கைப்பிடியைத் திருகினார். திரும்பவில்லை. தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. முஷ்டியால் அடித்தார். அவர் அடித்த சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

பின்னால் கட்டிலிலிருந்து மெல்ல ஒரு குரல். இந்த முறை அது வாசலை நோக்கி வரவில்லை. அவரை நோக்கி வந்தது.

"யாரு… யாருங்க அது, கதவுகிட்ட?"

அவர் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க," என்றாள் சபூரா, வார்த்தைகளை இழுத்து இழுத்து, வழி தெரியாமல் வந்துவிட்ட அந்நியனுக்குத் தைரியம் சொல்வதுபோல. "காத்துல சாத்திக்கிச்சு போல. என் வீட்டுக்காரரு வெளியதான் இருக்காரு. கூப்பிட்டா வந்துருவாரு."

பிறகு, அவர் காதருகில், அத்தனை நம்பிக்கையோடு, மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தாள்.