கட்டிலிலிருந்து வாசல் வரை

தரையைத் துடைத்து அரை மணி நேரம் ஆகியும் ஓரிடம் மட்டும் காயவில்லை.

செஞ்சியில் மே மாதத்தில் ஈரம் நிற்காது. மூன்று பக்கமும் பாறை மலைகள் நின்று வெயிலை வாங்கித் திருப்பி வீசுகிற ஊர். பின்பக்கக் கொடியில் பிழிந்து போட்ட துணி காய்வதற்குள் சிமென்ட் தரை காய்ந்துவிடும். அன்று அறையும் கூடமும் காய்ந்து வெளுத்துவிட்டன. ஆனால் அறையிலிருந்த இரும்புக் கட்டிலின் காலடியில் தொடங்கி, அறையின் வாசற்படியைத் தாண்டி, கூடத்தின் குறுக்கே தெருக்கதவு வரைக்கும் ஓர் ஆள் அகலத்துக்குத் தரை கறுத்துக் கிடந்தது. மெஹர் பானு உலர்ந்த துணியை எடுத்துவந்து குனிந்து அழுத்தித் துடைத்தாள். துணி நனையவில்லை. கறுப்பும் போகவில்லை. ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

வேலைக்குக் குறைவில்லை. ஊட்டியிலிருந்து வந்து ஐந்து நாளாகியும் பையைப் பிரிக்கவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மூன்றாம் நாள் ஃபாத்தியா முடிந்து போய்விட்டார்கள். மகன் அயாஸும் மருமகள் மாஹிராவும் நேற்று சென்னை பஸ் ஏறினார்கள். கூடவே வந்துவிடும்படி அயாஸ் எவ்வளவோ கேட்டான். வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள். சிலிண்டருக்குப் பதிய வேண்டும். ரேஷனில் இந்த மாதத்துச் சர்க்கரை வாங்கவில்லை. ஃபிரிட்ஜில் தயிர் பச்சை பூத்திருந்தது. பால்காரரிடம் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல வேண்டும். இரண்டு இல்லை, ஒன்று.

பையின் ஜிப்பைத் திறந்ததும் யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியது. தைல பாட்டில் கொஞ்சம் கசிந்து, அடியில் வைத்திருந்த வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தில் இறங்கியிருந்தது. சனோபரின் காலுக்குத் தேய்ப்பதற்காக வாங்கியது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மெஹர் பானு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சனோபர் அவள் தங்கை. நான்கு வயது சின்னவள், கல்யாணம் ஆகாதவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் அன்றோடு போயின. மிச்சமிருந்தது இடது கையும் ‘பா’ என்ற ஒரே சத்தமும்தான். பசித்தாலும் பா, வலித்தாலும் பா. பானு என்று கூப்பிடுவதில் பாதி. படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலென்றும் இரவென்றும் இல்லாமல் பதினோரு வருடமும் மெஹர் பானு அதைச் செய்தாள். புருஷன் இறந்தபோதுகூட நடுவில் எழுந்துபோய்த் தங்கையைப் புரட்டிவிட்டு வந்து அழுதாள்.

இந்த மே மாதம்தான் அயாஸ் பிடிவாதமாக நின்றான். நாலே நாள், ஊட்டி. பின்தெரு மனோரமா சனோபரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். மெஹர் பானு கடைக்கு, கல்யாணத்துக்கு என்று போகும்போதெல்லாம் வந்து இருக்கிறவள் அவள்தான், கை சுத்தமானவள். கிளம்புகிற அன்று சனோபர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமாக்கும் என்று மெஹர் பானு நினைத்தாள். ஆட்டோ வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை.

ஊட்டியில் வெள்ளிக்கிழமை ராத்திரி, கம்பளிக்குள் சுருண்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவள் விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினாள். அந்த ராத்திரிதான் சனோபர் போனாள். மறுநாள் முழுக்க அவர்கள் சிக்னல் இல்லாத காட்டுப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாயந்தரம் ஏழு மணிக்கு டவர் கிடைத்தபோது அயாஸின் போனில் நாற்பத்திரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. வெயில் காலம், மையித்தை வைத்திருக்க முடியாது என்று ஜமாத்தார் சாயந்தரம் அஸர் தொழுகைக்கே அடக்கிவிட்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தூக்கத்திலேயே போய்விட்டாள், கட்டிலில் படுத்தது படுத்தபடி இருந்தாள் என்று மனோரமா சொன்னாள். எல்லாரும் அதையே சொல்லித் தேற்றினார்கள். மெஹர் பானுவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தரையைத் துடைத்த மறுநாளும் அதே இடம் கறுத்தது. அன்று அவள் துடைக்கவே இல்லை.

காலை பதினோரு மணிக்கு மனோரமா ரசமும் சோறும் கொண்டுவந்தாள். தெருக்கதவைத் திறந்து உள்ளே வந்தவள் கூடத்தின் குறுக்கே நடக்கவில்லை. சுவரோரமாக, தோள் சுவரில் உரச, தூக்குவாளியை மார்போடு அணைத்தபடி சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பும்போதும் அப்படியே. மெஹர் பானு அதைக் கவனித்தாள். மனோரமா அவள் முகத்தைப் பார்க்காமலே, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயந்தரம்தான் சத்தம் முதலில் கேட்டது.

அஸர் தொழுதுவிட்டு மெஹர் பானு அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம், கோட்டை பார்த்துத் திரும்புகிற வேன்களின் ஹாரன், பக்கத்து வீட்டு மாடியில் குரங்கை விரட்டித் தகரத்தைத் தட்டுகிற சத்தம் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில், வீட்டுக்குள்ளிருந்து, நைட்டித் துணி சிமென்ட்டில் உரசுவது போல மெல்லிய ஒரு சத்தம் வந்தது. ஸ்ஸ் என்று ஓர் இழுப்பு. பிறகு நின்றது. மூச்சு வாங்குகிற அளவுக்கு நின்று, மறுபடி ஓர் இழுப்பு. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி இவ்வளவு பொறுமையாக இழுக்காது என்றும் நினைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது, சனோபருக்குப் போட்டிருந்த தண்ணீர் மெத்தை சுருட்டி மூலையில் வைத்திருந்தது, கூடத்தில் ஒன்றுமில்லை. டெட்டாலும் பவுடரும் கலந்த பழைய வாசனை மட்டும், அறையில் வீச வேண்டியது, கூடத்தின் நடுவில் வீசியது.

அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு வந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், வெயில் சாய்ந்து மலை நிழல் ஊருக்குள் இறங்குகிற நேரம். கட்டிலடியில் தொடங்கும். வாசற்படியில் ரொம்ப நேரம் தங்கும். பிறகு கூடம். தெருக்கதவடியில் வந்து நிற்கும். அதோடு சரி. மெஹர் பானு அடுப்படியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த சூராவையெல்லாம் ஓதினாள். பயந்ததைவிடப் பயந்ததற்காக அழுதது அதிகம். மலமும் மூத்திரமும் அள்ளிய கை இது. அந்த உடம்பின் ஒவ்வொரு எலும்பும் இந்தக் கைக்குத் தெரியும். அவளைப் பார்த்து எனக்கு என்ன பயம் என்று தன்னையே கேட்டாள். கேட்டுக்கொண்டே, காதிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள்.

சத்தம் தொடங்கிய நான்காம் நாள் மனோரமா வந்தபோது மெஹர் பானு அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“நடுவுல நடந்து வா, மனோ,” என்றாள்.

மனோரமா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மெஹர் பானு அவளைத் தொடாமல் காத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி மனோரமாவின் மகளுக்குக் காய்ச்சல் கொதித்ததாம். பத்து மணிக்குச் சனோபருக்குக் கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்து, கட்டிலோரம் தலையணை வைத்து அடைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு மணிக்கு வந்து பார்க்கலாம் என்றுதான் போனாள். மகள் பக்கத்தில் அசந்து தூங்கிவிட்டாள். விடிந்து ஓடிவந்து பூட்டைத் திறந்தால் கதவு திறக்கவில்லை.

“உள்ள எதுவோ முட்டுக்கினு இருந்துதுக்கா. தள்ளிப் பாத்தேன். மெத்துனு இருந்துது. எங்க வூட்டுக்காரரக் கூட்டியாந்து தள்ளிதான் உள்ள போனோம்.”

சனோபர் கதவடியில் குப்புறக் கிடந்தாள். இடது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கையில் நாலு நகங்கள் பிய்ந்திருந்தன. கட்டிலிலிருந்து விழுந்து, ஒற்றைக் கையால் உடம்பை இழுத்துக்கொண்டு, அத்தனை தூரம் வந்திருக்கிறாள். மனோரமாவும் அவள் புருஷன் சிங்காரவேலுவும் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். நகத்தை வெட்டி, தரையைக் கழுவி, நைட்டியை மாற்றிவிட்டுத்தான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

“என்ன எது வேணா பண்ணுக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். திருப்பித் தூக்கும்போது அவங்க மூஞ்சி சிரிச்சாப்ல இருந்துது. யாரோ வந்துட்டாங்கன்னு சிரிப்பாங்களே, அந்தமாரி. அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.”

மெஹர் பானு அவளைத் திட்டவில்லை. பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் மனோரமா. சரி, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் அயாஸ் போன் செய்தான். மறுநாள் காலை பஸ்ஸுக்கு வருவதாக அவனிடம் சொன்னாள். துணிகளை மடித்து அதே பையில் வைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். எல்லாம் முடிந்தபோது இன்னும் ஒரு சாயந்தரம் மிச்சமிருந்தது.

தினமும் அவள் அத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வருகிறாள். வந்து சேருகிற இடத்தில் யாருமில்லை. நான் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். மெஹர் பானு இதை நினைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வேண்டாம் என்றது. ஆனாலும் அஸர் தொழுததும் தெருக்கதவைத் தாழ்போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். மேற்குப் பார்த்த கதவு. அடியிலிருந்த சந்து வழியாக வெயில் ஒரு நீளக் கோடாக உள்ளே வந்து அவள் தொடையருகே விழுந்திருந்தது. தெருவில் அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைகள் யாருமில்லை.

முதல் இழுப்பு கேட்டது.

கட்டிலடியில் ஒரு சத்தம். நிறுத்தம். மறுபடி. வாசற்படியில் வெகுநேரம் தங்கியது. எதையோ ஏற்ற முடியாமல் திணறுகிற மூச்சு. எழுந்துபோய்த் தூக்கிவிடலாம் என்று கை பரபரத்தது, கால் எழவில்லை. படியைத் தாண்டிவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தரை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. பவுடர் வாசனை. டெட்டால். பிறகு வேறொரு வாசனை, ஈர மண்ணுடையது. நாலு முழம். மூன்று. அவள் கண்ணை மூடவில்லை. பாதத்துக்கு முன்னால் வந்து நின்றது.

“சனோ,” என்றாள். “நான் இங்கதான் இருக்கேன். உன்ன உட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. வா.”

கணுக்காலில் ஏதோ பட்டது. குளிர்ச்சி. பிறகு முழங்கால். பிறகு மடியில் பாரம் இறங்கியது. தெரிந்த பாரம். பதினோரு வருடம் புரட்டிய பாரம். மெஹர் பானு காற்றில் கையை வளைத்து அணைத்துக்கொண்டு விம்மினாள். பயம் போய்விட்டது. ஒரு நிமிஷம், அவ்வளவுதான், பயமே இல்லை.

அப்போது வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

“சனோ,” என்றது குரல். சந்தோஷமான, ஓடிவந்து மூச்சு வாங்குகிற குரல். “நான்தான்டி. உன்ன உட்டுட்டு இருக்க முடியல, பாதியிலயே வந்துட்டேன். கதவத் தெற.”

மெஹர் பானுவுக்கு அந்தக் குரல் தெரியும். அது அவளுடைய குரல்.

மடியிலிருந்த பாரம் துடித்தது. “பா,” என்றது, காதோரம்.

“போகாத,” என்றாள் மெஹர் பானு. சத்தம் வரவில்லை. “சனோ, அது நான் இல்ல.”

“தெறடி. எவ்ளோ நேரம் நிக்கறது.”

அவள் தலையைக் குனிந்து கதவடிச் சந்தைப் பார்த்தாள். வெயில் கோடு அப்படியே இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நடுவில் எங்கும் உடையாமல். அங்கே நிற்பதற்குக் கால்கள் இல்லை.

பாரம் அவள் மார்பின்மேல் ஏறியது. எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு முட்டியது. கன்னத்தோடு இன்னொரு கன்னம், குளிர்ந்து, சிரிப்பில் விரிந்திருந்தது. வெளியே மறுபடி கூப்பிட்டது, இன்னும் செல்லமாக, இன்னும் கிட்டத்தில்.

அவள் தோளுக்கு மேலாக ஓர் இடது கை நீண்டு, கதவின் பலகையைப் பற்றிப் பற்றி ஏறி, தாழ்ப்பாளைத் தொட்டது.