ஒட்டாத பித்தளை

"நீதான் பிச்சிருக்கே," என்றாள் திலகவதி.

"நான் தொடவே இல்ல லா," என்றாள் ஸுஹா.

இருவருக்கும் வயது பன்னிரண்டு. பத்து பெரண்டாம் என்ற மலேசிய ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர்களுக்கு நடுவே, திலகவதி வீட்டு மேசைமேல், ஒரு குட்டி விமானம் நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டை இறக்கைகள். அந்தக் காலத்துப் போர் விமானத்தின் மாதிரி அது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் திலகவதியின் சித்தப்பா, பிளாஸ்டிக் பாகங்களோடு ஒரு பித்தளைத் தகட்டையும் அனுப்பியிருந்தார். காகிதம் போல மெல்லிய தகடு. விமானியின் இருக்கைப் பட்டைகள், துப்பாக்கியின் குறி வளையம், கடுகளவு கொக்கிகள் எல்லாம் அதில் அமிலத்தால் அரித்து எடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் கத்தியால் வெட்டி, இடுக்கியால் மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். இருவருக்கும் மூன்று வாரம் ஆனது. வரும் சனிக்கிழமை பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி.

இறக்கைக்குச் சாயம் பூச, ஞாயிறன்று ஸுஹா விமானத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். திங்கள் மாலை அது திரும்பி வந்தபோது பட்டைகள் கழன்று கிடந்தன. குறி வளையத்தைக் காணவே காணோம்.

"அப்போ தானா விழுந்துச்சா?"

"இருக்கும்."

"பொய் சொல்லாத."

ஸுஹாவின் முகம் சுருங்கியது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

திலகவதிக்குக் கோபம் அடங்கவில்லை. மறுநாள் காலை பசியாறும்போது அம்மா இந்திராதேவி கேட்டார்: "இட்லி என்ன பாவம் பண்ணுச்சு? இந்தக் குத்து குத்துற?"

பள்ளிப் பேருந்தில் ஏறியதும் திலகவதி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஸுஹாகிட்ட யாரும் எதையும் குடுக்காதீங்க. உடைச்சிட்டுப் பொய் சொல்லுவா."

ஸுஹா இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை திலகவதி, சித்தப்பா அனுப்பிய பெட்டியிலிருந்த அதே கோந்தைப் போட்டுப் பட்டைகளைத் திரும்ப ஒட்டினாள். புதன்கிழமை காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இரண்டு பட்டைகளும் விழுந்தன.

மறுபடி ஒட்டினாள். நூறுவரை எண்ணி அழுத்திப் பிடித்தாள். காய்ந்ததும் மெல்ல ஊதினாள். மறுபடி விழுந்தன.

கோந்துக் குழாயைத் திருப்பி, அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

ஒட்டத் தொடங்கிய முதல் நாளே ஸுஹா சொல்லியிருந்தாள், "எங்க கடையில வேற கோந்து இருக்கு, பித்தளைக்கும் ஒட்டும்" என்று. இதுவே போதும் என்று மறுத்தது திலகவதிதான்.

இப்போது கோபம் தன்மேலேயே திரும்பியது. நாற்காலியை உதைத்தாள். கால் விரல் வலித்ததும் இன்னும் கோபம் வந்தது.

வியாழன் மாலை ஸுஹாவின் அப்பா அப்துல் லத்தீப் நடத்தும் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அவர் சாய டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸுஹா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கோந்துதான் தப்பு. நீ ஒண்ணும் பண்ணல. ஸாரி," என்றாள் திலகவதி.

"பஸ்ல எல்லார் முன்னாலயும் சொன்னே. இங்க வந்து மெதுவாச் சொல்ற."

திலகவதிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஸுஹா சொன்னதில் தப்பில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஓடும் பேருந்தில் எழுந்து நின்றாள். காது இரண்டும் சுட்டன.

"ஸுஹா எதையும் உடைக்கல. பொய்யும் சொல்லல. நான்தான் தப்பான கோந்து போட்டேன். அவமேல பழி போட்டதும் நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை அவள் உட்காரவில்லை.

"முடிஞ்சிச்சா? உட்காரு லா, பிரேக் போடணும்," என்றார் ஓட்டுநர் தம்புசாமி.

அன்று மாலை திலகவதி விமானத்தோடு கடைக்குப் போனாள். ஸுஹா உள் மேசையில் இடம் ஒதுக்கி, புதுக் கோந்தை எடுத்து வைத்தாள். ஆனால் திலகவதியோடு நேராகப் பேசவில்லை; நடுவில் உட்கார்ந்த அத்தாவிடமே சொன்னாள்.

"அத்தா, ஊசி முனையில தொட்டு வைக்கச் சொல்லுங்க. அதிகமானா முன்கண்ணாடி வெளுத்துப் போயிடும்."

"ஊசி முனையிலதானாம்," என்றார் லத்தீப்.

பட்டைகள் ஒட்டிக்கொண்டன. ஊதினாலும் அசையவில்லை.

"மாமா, காணாமப்போன வளையத்துக்கு என்ன செய்யறதுன்னு கேளுங்க."

"வளையத்துக்கு என்ன செய்யறதாம்?"

"தகட்டோட ஓரம் மிச்சம் இருக்குல்ல. அதைச் சன்னமா வெட்டி, ஊசியில சுத்தச் சொல்லுங்க."

அந்நேரம் ஆணி வாங்க ஒருவர் வந்தார். லத்தீப் எழுந்து போனார்.

திலகவதி மூன்று தடவை சுற்றிப் பார்த்தாள். மூன்றாவதுதான் வட்டமாக வந்தது. அதை இடுக்கியில் பிடித்துத் துப்பாக்கியின் பக்கம் கொண்டுபோனாள். இடுக்கி முனை இப்படியும் அப்படியும் ஆடியது. சொல்லி அனுப்ப நடுவில் ஆள் இல்லை. ஊசி முனையில் கோந்து காய்ந்துகொண்டிருந்தது.

"அசையாத திலகா," என்றாள் ஸுஹா. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வை."

வளையம் நேராக உட்கார்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

லத்தீப் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, இப்ப யாருக்கு என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம் அத்தா," என்றாள் ஸுஹா. "நாங்களே பேசிக்கிறோம்."